ஜாமீன் எடுக்கப் போனவர்

மாதவியின் பிறந்த வீட்டில் யாருக்கு ஜாமீன் கையெழுத்து தேவைப்பட்டாலும் அவள் கணவர், மூத்த மாப்பிள்ளை யுகேந்திரனைத்தான் கூப்பிடுவார்கள். வாடகை வீடா, மோட்டார் சைக்கிள் தவணையா, உடனே கிளம்பிவிடுவார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏர்கான் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய பதவி கிடைக்கப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். அதனால் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த அழைப்பு கொஞ்சம் பெரியது. மாதவியின் ஒரே தம்பி முகுந்தன், கிள்ளான் பக்கம் மேருவில் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். கிள்ளான் நீதிமன்றத்தில் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை வரை உள்ளேதான். ஞாயிற்றுக்கிழமையோ யுகேந்திரனின் மகளுக்குக் காதுகுத்து. இனிமேல் எங்கே என்று சொந்தக்காரர்களே கேட்பதை விட்டுவிட்ட பிறகு பிறந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், இருப்பதோ இந்த ஒரே மாமன்.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். யுகேந்திரன் இஸ்திரி போட்ட சட்டை. ஃபெடரல் நெடுஞ்சாலை முழுக்க மாதவிக்குச் சொற்பொழிவு. மனுஷன் என்றால் சட்டத்துக்குப் பயப்பட வேண்டும், தன்னை யாராவது இந்த வயது வரை ஒரு சொல் சொல்லியிருப்பார்களா என்று கேட்டார். மாதவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீதிமன்றக் கவுண்டரில் ஐசி அட்டையை அடையாளத்துக்கு நீட்டும்போது, விருந்துக்கு வந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு வேறு சிரித்துவைத்தார். குமாஸ்தா கணினியில் தட்டினார். யுகேந்திரன் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். பிறகு ஓரமாக நின்ற போலீஸ்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். யுகேந்திரன் பேரிலேயே ஒரு வாரண்ட் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதற்கான பழைய சம்மன் அது. பாதி நாடு செய்வதைத்தான் அவரும் செய்தார், அபராதத்தில் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தார். முழுப் பணத்தையும் கட்டுகிறவன் முட்டாள் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவச ஆலோசனை வேறு. தள்ளுபடி வந்தபோதும், அடுத்த வருஷம் இன்னும் குறைப்பார்கள் என்று விட்டுவிட்டார். நீதிமன்றத்துக்கு வரச் சொன்ன தேதியும் போய்விட்டது. இப்பேர்ப்பட்ட புத்திசாலியைப் பிடிக்க அரசாங்கம் ஆளனுப்பக்கூடத் தேவைப்படவில்லை, அவரே பெட்ரோல் போட்டு வந்து சேர்ந்துவிட்டார்.

போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய வழக்கு கோலாலம்பூரில் இருக்கிறது, திங்கட்கிழமைதான் விசாரிப்பார்கள், அதுவரை வெளியே இருக்க வேண்டுமானால் யாராவது ஜாமீன் எடுக்கலாம் என்றார். அங்கே இருந்தது மாதவி ஒருத்திதான். கிளினிக்கில் தாதி வேலை, கையில் வங்கிப் புத்தகம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த குமாஸ்தா, இதிலிருக்கும் பணம் ஒருவர் ஜாமீனுக்குத்தான் போதும் என்று சொல்லிவிட்டார்.

யுகேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். புருஷனா, தம்பியா என்று அவள் தவிக்கப்போகிறாள், பாவம். 'என்னை விடு, உன் தம்பியைப் பார்' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட வேண்டியதுதான். எந்தக் குரலில் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று யோசித்துத் தொண்டையைச் செருமினார்.

"தம்பிக்குப் போடுறேன்," என்றாள் மாதவி குமாஸ்தாவிடம்.

அவர் வாய் திறந்தபடியே நின்றது. அவள் திரும்பி, "என்னங்க, அப்பா இல்லாம காது குத்தலாம். மாமன் இல்லாம முடியாதுலா," என்றாள்.

நியாயம்தான். இதற்காகத்தானே அவரும் வந்தார். தாமே கொடுக்க நினைத்த இடத்தை அவள் கேட்காமலே எடுத்துக்கொண்டதுதான் வலித்தது, நன்றாகவே வலித்தது. குடும்பத்தின் தூண் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவர் காதுகுத்துக்குக்கூட அவசியமில்லாத ஆள்.

கையெழுத்தெல்லாம் முடிந்து முகுந்தனை வெளியே விட்டார்கள். பெஞ்சில் போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யுகேந்திரனைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. மச்சான் திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றான். திட்டுவதற்கு அவரிடம் என்ன யோக்கியதை இருக்கிறது?

"மச்சான், எனக்கு ஒரே பயமா இருக்கு. குத்துனதும் பாப்பா அழுதா நான் என்னா பண்றது?"

யுகேந்திரன் அவனைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"தூக்கி எடது தோள்ல போட்டுக்க. வலது தோள் அவளுக்கு ஆகாது. முதுகுல தட்டாத, தடவிக் குடு. ரொம்ப அழுதான்னா வெளிய கொண்டு போய் லோரி காட்டு, லோரியப் பாத்தா நிறுத்திருவா."

இது எதுவும் மாதவிக்கே தெரியாது. அவள் வங்கிப் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைக்கப் போனவள், அதைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.