துக்கம் விசாரிக்க வந்தவர்கள்

முகத்தில் பாதி நுரை இருக்கும்போதுதான் கிருஷ்ணராசா அந்தப் பொய்யைச் சொன்னார். ஊரைவிட்டு வந்து நோர்பரியில் அவர் நடத்தும் பலசரக்குக் கடைக்கு அடுத்த கதவு அகிமின் சலூன். அகிம் கொசோவோக்காரன். 2016 ஓகஸ்ட், ஒரு சனிக்கிழமை. சவரக்கத்தியைப் பிடித்தபடி அகிம் கண்ணாடிக்குள் அவரைப் பார்த்துச் சிரித்தான். கொசோவோ தன் சொந்தப் பெயரில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நிற்கிறது, நாளை மாலை ஜூடோ, எங்கள் பெண்ணுக்குத் தங்கமே கிடைக்கலாம், எங்கள் ஆட்கள் எல்லாரும் கபேயில் கூடுகிறார்கள், நீ என் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றான்.

கடையில் ஆளில்லை என்று சொல்லியிருக்கலாம். கிருஷ்ணராசாவின் வாயில் வந்தது வேறு. "ஊரில் என் மூத்த அண்ணன் இறந்துவிட்டார், அகிம். எங்கள் வழக்கத்தில் அதைத் துடக்கு என்போம். ஒரு மாதத்துக்கு எந்தக் கொண்டாட்டத்துக்கும் போகக்கூடாது."

அகிமின் கை அப்படியே நின்றது. மிச்சச் சவரத்தை அவன் நோயாளிக்குச் செய்வதுபோல மெதுவாகச் செய்து முடித்தான்.

அண்ணை மானிப்பாயில் சுகமாக இருந்தார். கிருஷ்ணராசாவால் தாங்கமுடியாமல் இருந்தது கொசோவோவின் கொடி. இரண்டு மில்லியன் சனம்கூட இல்லாத நாடு. பெயர்ப் பலகையின் பின்னால் ஒரு சிறிய அணி மைதானத்துக்குள் நடந்து வருவதை அவர் எத்தனையோ வருடம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அவர் மனதில் ஓடிய பலகையில் இருந்தது, இன்னும் பிறக்காத தன் நாட்டின் பெயர். இதைப் பொறாமை என்று ஒப்புக்கொள்ள அவருக்குக் கூசியது. ஏனென்றால் 2009இல் ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி இங்கே பாராளுமன்றச் சதுக்கத்தில் சனம் நாட்கணக்காக நின்றபோது, இதே அகிம் சலூனைப் பூட்டிவிட்டு அவரோடு வந்து மழைக்குள் நின்றவன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒரு பதாகையின் மற்ற முனையைப் பின்னேரம்வரை பிடித்திருந்தவன்.

ஞாயிறு மாலை கிருஷ்ணராசா சாரத்தோடு, சத்தத்தைக் குறைத்து, ஜூடோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அழைப்பு மணி அடித்தது. யன்னலால் எட்டிப் பார்த்தவர் ஓடிவந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

அகிம் கறுப்புக் கோட்டில் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி டிரீட்டா. அவள் கையில் ஒரு பொதி கோப்பித்தூளும் ஒரு பை சீனியும். செத்தவீட்டுக்கு அதைத்தான் கொண்டுபோவது எங்கள் வழக்கம் என்றான் அகிம்.

சமையலறையிலிருந்து வசந்தமலர் ஈரக் கையோடு வந்தாள். கறுப்பு உடுப்புகளைக் கண்டதும் கணவனிடம் தமிழில் கேட்டாள்.

"ஆரப்பா செத்தது?"

"பெரியண்ணை."

"என்ன விசர்க்கதை! காலமைதானே வட்ஸ்அப்பில ரோசாப்பூப் போட்டுக் குட் மோர்னிங் அனுப்பினவர்."

"மெல்லக் கதையும். இவன்ர ஜூடோ மட்ச் பாக்கப் போகாமல் நிக்கிறதுக்கு அப்பிடிச் சொன்னனான்."

"துடக்கெண்டு சொல்லிப்போட்டு, அந்தாளிட்டயே ஷேவும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறியள். ஒரு பொய்கூட வடிவாச் சொல்லத் தெரியாது உங்களுக்கு."

அவள் குரல் நடுங்கியது. கோபத்தில்தான். டிரீட்டா அதைத் துயரமென்று நினைத்து, கிட்ட வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு அண்ணன் இருந்தான். தொண்ணூற்றொன்பதில், போர் நேரம், படையினர் கூட்டிக்கொண்டு போனார்கள். உடல் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் அண்ணனுக்கு அடக்கமாவது நடந்ததே."

டிரீட்டாவின் தோளுக்கு மேலால் வசந்தமலர் கணவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தக் கோப்பியையே போட்டுக் கொண்டுவந்தாள்.

அகிமின் சட்டைப்பைக்குள் கைப்பேசி துடித்தது. அவன் எடுக்கவில்லை.

"இறுதிப் போட்டி நடக்கும் நேரம். நீ கபேக்குப் போ, அகிம்," என்றார் கிருஷ்ணராசா.

"போட்டி கிடக்கட்டும். இப்படியான நாளில் ஆள் தனியே இருக்கக்கூடாது."

"அகிம், என் அண்ணன்..." உண்மையைச் சொல்லிவிடத்தான் தொடங்கினார்.

"தெரியும்," என்று அகிம் அவர் முழங்காலைத் தட்டினான். "சொல்லாதே. சொன்னால் இன்னும்தான் வலிக்கும்."

கைப்பேசி இப்போது நிற்காமல் துடித்தது. டிரீட்டாவினதும். அவள் கைப்பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள். வென்றுவிட்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கோப்பியைக் குடித்தார்கள். வெற்றியை இப்படி அடக்கிக்கொண்டு யாரும் இருந்து கிருஷ்ணராசா கண்டதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியைப் போட்டார்.

பதக்க மேடை. நீலக்கொடி ஏறத் தொடங்க, அவர்களுடைய கீதம் அறையை நிறைத்தது. அதற்கு வார்த்தைகள் இல்லை, இசை மட்டுந்தான். அகிமும் டிரீட்டாவும் அரைவாசி எழுந்து, அனுமதி கேட்பதுபோல அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். கண் நிறைந்து வழிந்தது.

அகிம் அதைக் கண்டான். "மன்னித்துக்கொள், செத்தவீட்டில் இது சரியில்லை," என்று அவர் கையிலிருந்த ரிமோட்டை மெல்ல வாங்கிச் சத்தத்தை நிறுத்தினான். திரையில் கொடி ஓசையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று, அகிம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.