பன்னிரண்டாம் பக்கம்

நீதிபதி அம்மா அசல் ஒப்பந்தத்தின் கடைசித் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதிலிருந்த கறையின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். அதுவரை எல்லாரும் நகலை வைத்துக்கொண்டுதான் வாதாடினார்கள். நகலில் அது வெறும் அழுக்காகத் தெரிந்தது.

கூண்டில் என் கணவர். பதினாறு வருடம் ஒரே ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைந்தவர். வேலையை விட்டுவிட்டு எங்கள் தெருமுனையில் சின்னதாக ஓர் அடுப்புப் போட்டார். மூன்றாம் மாதமே கம்பெனி வழக்குப் போட்டது. விலகிய பிறகு பத்து வருடம் எந்த ஊரிலும், எவர் அடுப்பிலும் ரொட்டி சுடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். அடுப்பை மூட வேண்டுமாம். அந்த மனிதருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்வார்.

எங்கள் வக்கீல், என் தம்பியைவிடச் சின்னப் பெண், ஒரு வழி இருக்கிறது என்றாள். படிக்கவும் விடாமல், மறுக்கவும் விடாமல் அநியாயமான நிபந்தனையில் கையெழுத்து வாங்கியிருந்தால், மனசாட்சிக்கு ஒவ்வாத ஒப்பந்தம் என்று அதைத் தள்ளிவிடலாமாம். ஆனால் நிரூபிக்க வேண்டும். எனக்குப் பாதிக்குமேல் காதில் விழவில்லை. சட்டப் புத்தகத்துக்குள் மனசாட்சி என்று ஒரு சொல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. "புத்தகத்துக்குள்ள இருக்கும்க்கா, வெளியில வராது" என்றான் தம்பி.

பன்னிரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டுத்தான் போட்டார் என்று மேனேஜர் சாட்சி சொல்லியிருந்தார். படிக்காமல்தான் போட்டேன் என்றார் இவர். "ரொட்டியும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடுவீங்களோ?" என்று கம்பெனி வக்கீல் கேட்டபோது கோர்ட்டே சிரித்தது. இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். அவர் சுபாவம் அப்படி.

"இது என்ன?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"மாவுங்கம்மா. காஞ்சு போச்சு. பிசையற மேசைக்கே கொண்டாந்து நீட்டினாங்க."

"கையைக் கழுவிட்டு வந்து படிச்சிருக்கலாமே?"

"மேனேஜர் நின்னுட்டே இருந்தாருங்க. இப்பவே போடு, இல்லன்னா நாளையிலேருந்து வராதேன்னாரு."

நீதிபதி அம்மா முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் திருப்பினார். மின்விசிறிச் சத்தமும் தாள் புரளும் சத்தமும்தான். பதினொரு பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு துகள் இல்லை. அத்தனை மாவும் பன்னிரண்டில்: தாளை அழுத்திப் பிடித்த கட்டைவிரல், கையெழுத்தின் மேலே இழுபட்ட உள்ளங்கை விளிம்பு. மணிக்கட்டுவரை மாவு அப்பிய கையால் எவராலும் பதினொரு பக்கத்தைக் கறைபடாமல் திருப்ப முடியாது. கம்பெனி வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. படிக்காமல் போட்டதற்கு இவரே சாட்சி எழுதி வைத்திருக்கிறார், தனக்கே தெரியாமல். நீதிபதி அம்மா தாளிலிருந்து நிமிர்ந்து இவருடைய கைகளைப் பார்த்தார். இவரோ, சரியாகக் கழுவாமல் வந்துவிட்டோமோ என்று கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அடுப்பு தப்பியது. ஒன்பது வருடம் எரிந்து, போன வருடம் அவரோடு அணைந்தது.

அவர் சட்டைகளை நான்தான் துவைப்பேன். ஒரு பொட்டு மாவு மிச்சமில்லாமல் துவைப்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. இப்போது அலமாரியைத் திறந்தால் எல்லாம் சோப்பு வாசம்.

நேற்று கோர்ட்டின் பதிவறைக்குப் போனேன். "முடிஞ்ச கேசும்மா, எதுக்கு?" என்றார் குமாஸ்தா. பார்க்கணும் என்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, கட்டை அவிழ்த்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அப்படியே இருந்தது. பழுப்பேறி, மெல்லிய வெடிப்புகளோடு, ஒரு கட்டைவிரல். உள்ளே ரேகைகள், நடுவில் சுழி, குறுக்கே அடுப்புக் கம்பி சுட்ட பழைய தழும்பின் கோடு. மூச்சுப் பட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.