மாடிப்படியில் சிக்கிய பீரோ

அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மாடிப்படிக் காட்சியைப் பற்றித்தான் எழுதினார்கள். டெஸ்மண்ட் தேயர் இதுவரை இப்படி நடித்ததே இல்லை என்றார்கள். கொரின் லவெல் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் படியில் உட்காருகிறாளே, அதற்கே டிக்கெட் காசு தகும் என்றார்கள். எழுதட்டும். அந்தப் படியில் என் பாதம் பட்ட பாட்டை எந்தப் பத்திரிகைக்காரனும் கேட்கவில்லை.

நான் வெல்மா. கொரினுக்குப் பதிலாள். அவள் உயரம், அவள் இடுப்பு, அவள் தலைமுடி நிறம். முகம் மட்டும் கடவுள் எனக்கென்று கொடுத்தது. ஒரு காட்சிக்கு விளக்குகளைச் சரி செய்யவே காலைப்பொழுது போய்விடும். அவ்வளவு நேரமும் கதாநாயகி அந்தச் சூட்டில் நின்றால் முகப்பூச்சு வழியும் அல்லவா? அதனால் சாக்கட்டியில் குறித்த இடத்தில் நான் நிற்பேன். எல்லாம் தயாரானதும் அவள் வந்து நிற்பாள், நான் விலகுவேன். "ரெண்டாவது ஜோடி, வாங்க!" என்று உதவி இயக்குநர் கத்தினால் வரவேண்டும், "போதும்" என்றால் போகவேண்டும். மாடாவது வாலை ஆட்டலாம். எங்களுக்கு அதற்கும் அனுமதி இல்லை.

ஜோடியில் இன்னொரு ஆள், டெஸ்மண்டுக்குப் பதிலாள், ஓட்டிஸ் பிரிங்கிள். என் புருஷன். அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் என் புருஷன்.

கலிஃபோர்னியாவில் விவாகரத்து ஒரே அடியில் கிடைப்பதில்லை. நீதிபதி தலையாட்டிவிட்டு, ஒரு வருஷம் பொறுங்கள் என்பார். வருஷம் முடிந்ததும் இருவரில் ஒருவர் போய், "ஆமாம் ஐயா, இன்னும் அதே எண்ணம்தான்" என்று கேட்டு வாங்கினால்தான் முழுசாக முடியும். எனக்கு வருஷம் முடிகிற நாள் அந்த வெள்ளி. போய்க் கேட்பதாகத்தான் இருந்தேன். அன்றைக்கு லீவும் சொல்லி வைத்திருந்தேன்.

குடியா, பொம்பளை சகவாசமா என்று எல்லாரும் கேட்பார்கள். இரண்டும் இல்லை. சினிமா பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் நாங்கள் மேடைக்காரர்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைதான் எங்கள் ஆட்டம். ஊர் ஊராக ரயிலில் போய், பன்னிரண்டு வருஷம், சண்டை போட்டே சோறு தின்றோம். ஓட்டிஸுக்கு ஒரு வியாதி. வீட்டில் யார் எது பேசினாலும் அடுத்த வாரம் அது மேடைக்கு வந்துவிடும். நான் அழுதுகொண்டே சொன்னதை டொலீடோ ஊர் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவான். எங்கம்மா செத்த அன்றைக்கு என் தலையைத் தடவி அவன் சொன்ன ஆறுதலுக்குக்கூட ஒமாஹாவில் சிரித்தார்கள். என்னிடம் பேசுகிறானா, ஒத்திகை பார்க்கிறானா என்று தெரியாமலே அவனோடு குடும்பம் நடத்தினேன். ஒரு நாள், போதுமடா சாமி என்று பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ஞாபகசக்தி மட்டும் அவனுக்கு அபாரம். ஒரு தடவை நிமோனியாவில் படுத்துப் பிதற்றினான் பாருங்கள், எங்கள் ஆட்டம் முழுவதையும், அவன் பாகம் என் பாகம் இரண்டையும், ஒரு வரி முன்பின் ஆகாமல் பிதற்றினான். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இனி படத்தின் கதை. பிரிந்துபோன பெண்டாட்டி தன் மர பீரோவை எடுத்துப்போக ஆள் அனுப்புகிறாள். புருஷன் கொடுக்க மாட்டேன் என்று மேலே இழுக்கிறான். பீரோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொள்கிறது. கூலியாட்கள் சாப்பிடப் போய்விடுகிறார்கள். மேலே அவன், கீழே அவள், நடுவில் பீரோ. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் கத்திக் கத்தி, கடைசியில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வருஷங்களில் எல்லாப் படமும் இப்படித்தான். பணக்காரர்கள் ஓடுவார்கள், தடுக்கி விழுவார்கள், குறுக்கே ஒரு வாத்து வரும், முடிவில் முத்தம். வேலையில்லாமல் கிடந்த ஜனங்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் எங்களைப் படியில் நிறுத்தினார்கள். பீரோவுக்கு மேலே ஓட்டிஸ், கீழே நான். தலைக்கு மேல் விளக்குகள் கொதித்தன. குதிகால் உயர்ந்த ஷூ, அதுவும் கொரினின் அளவு, எனக்கு அரை அங்குலம் சின்னது.

"வெல்மா," என்றான் மேலே இருந்து.

"பேசாதே. தலை ஆடினா விளக்குக்காரன் திட்டுவான்."

"ஆட்டாமத்தான் பேசறேன். கால் எப்படி இருக்கு?"

"ரெண்டும் இருக்கு."

"உப்புத் தண்ணில வச்சியா?"

"யோவ், நீ என்ன டாக்டரா? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என் கால் உனக்கு அந்நியக் கால்."

"இன்னிக்குச் செவ்வாய்தானே. இன்னும் சொந்தக் கால்தான்."

பரணில் இருந்த விளக்குக்காரன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தன் சிரிச்சா போதும், உன் குரல் ஏறிடும்!" என்றேன். ஓட்டிஸ் அடங்கிப்போனான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்:

"நான் இன்னும் சுவரோரமாத்தான் படுக்கறேன், வெல்."

"என்னது?"

"கட்டில்ல. முழுக் கட்டிலும் காலியாத்தான் கிடக்கு. ஆனா காலை நீட்டினா நீ திட்டுவேன்னு பயம். ஒடுங்கியே படுத்துக்கறேன். காலைல எந்திரிச்சா முழங்கை வலிக்குது."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பீரோவைத் தள்ளிவிட்டு மேலே ஏறியிருப்பேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீழே பட்பட்டென்று கைதட்டல். இயக்குநர் ராஸ்முசன்.

"யாரு, ஓட்டிஸா? இத்தனை நாள் இதை எங்கேய்யா ஒளிச்சு வச்சிருந்தே? இந்த ஒரு வசனம் வரலைன்னுதானே நாலு எழுத்தாளனுங்க ஒரு மாசமா என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க! எடுத்துக்கவா?"

மேலே இருந்து ஓட்டிஸின் குரல் வந்தது. "எடுத்துக்குங்க சார்."

வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டேன்.

மத்தியானம் நான் படப்பிடிப்புக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். அவன் வந்து எதிரே நின்றான்.

"வெல், நான் அதுக்காகச் சொல்லல."

"பின்னே எதுக்காகச் சொன்னே?"

"உனக்காக."

"எனக்காகச் சொன்னதை அந்த ஆளுக்கு ஏன் தூக்கிக் குடுத்தே?"

"கேட்டாரு... பழக்கத்துல வாயில வந்துடுச்சு."

"அதேதான். பழக்கம். கவலைப்படாதே, டெஸ்மண்ட் சார் நாளைக்கு உன்னைவிட நல்லாவே சொல்லுவாரு. போய்ச் சாப்பிடு."

அவன் தன் பொட்டலத்திலிருந்த ஊறுகாய் வெள்ளரியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். எனக்குப் பிடிக்கும் என்று தெரியும் அவனுக்கு. நான் அதைத் தொடவில்லை. கோபம்கூட வரவில்லை எனக்கு, அலுப்புதான் வந்தது.

புதன்கிழமை தணிக்கைக்காரர்கள் புகுந்தார்கள். பிரிந்துபோன இருவர் கட்டிலைப் பற்றிப் பேசக்கூடாதாம். சோபா என்று மாற்றினார்கள். சோபாவிலும் படுக்க முடியுமே என்று ஒரு மகானுக்குச் சந்தேகம். கடைசியில் சாப்பாட்டு மேஜைக்கு வந்து நின்றது. "நான் இன்னும் மேஜை ஓரமாத்தான் உக்காந்து சாப்பிடறேன்" என்று டெஸ்மண்ட் சொல்லவேண்டும்.

டெஸ்மண்டைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். அழகன், நல்ல மனுஷன், எங்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்த ஒரே நட்சத்திரம். ஆனால் கோபம், காதல், பசி எல்லாம் அவனுக்கு ஒரே புன்னகையில்தான் வரும். கொரின் அப்படி இல்லை. வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே ஒரு பக்க வசனத்தை மூச்சுவிடாமல் கொட்டுவாள், ஒரு சொல் சிதறாது. இவன் சொல்லச் சொல்ல அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேல இருந்து அந்தாளு சூப் ஆர்டர் பண்ற மாதிரி சொன்னா, கீழ நான் என்ன பண்றது? ஸ்பூன் எடுத்துட்டு வரவா?"

எல்லாரும் சிரித்தார்கள், ராஸ்முசனைத் தவிர. எடுத்த எடுப்பெல்லாம் குப்பைக்குப் போனது. மத்தியானத்துக்குமேல் அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"ரெண்டாவது ஜோடி! ஓட்டிஸ், மேல போ. நேத்து சொன்னியே, அதை அப்படியே சொல்லு. கட்டிலோடயே சொல்லு, கேமரா ஓடாது. டெஸ்மண்ட், நீங்க பக்கத்துல நின்னு கேளுங்க. ஓட்டிஸ், இதை மட்டும் ஒழுங்கா பண்ணிட்டேன்னா அடுத்த படத்துல உனக்கு வசனத்தோட வேஷம். எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

தச்சர்கள், தையல்காரிகள், பரணில் இருந்தவர்கள், எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். மேடை போனதிலிருந்து ஓட்டிஸ் இதற்காகத்தானே ஏங்கிக் கிடந்தான்! நான் கீழே பீரோவில் கையை ஊன்றி நின்றேன். சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரியும். 'முழங்கை'க்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துவான், சிரிப்பு வர இடம் விட்டு. அது முடிந்ததும் எனக்கும் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவது என்றுகூட யோசித்தேன்.

அவன் மூச்சை உள்ளே இழுத்தான். மேடையேறும் முன்னால் இழுக்கிற மூச்சு, எனக்குத் தெரியாதா?

ஒன்றும் வரவில்லை.

"மறந்து போச்சு சார்," என்றான்.

"என்னய்யா?"

"என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல சார்."

"நேத்துதானே சொன்னே! கட்டில், சுவர், முழங்கை! இந்தா, எழுதியே வச்சிருக்கு, படிச்சாவது சொல்லித் தொலை!"

"படிக்கவும் வரல சார். மன்னிச்சுக்குங்க."

நிமோனியாவில் ஒரு வரி விடாத மனுஷன். பெண்டாட்டி அழுகையை மேடையில் விற்ற மனுஷன். அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், மறந்து போச்சாம்! ஒரு ஷூவைக் கழற்றிப் படியில் வைத்தேன். பதிலாள் உட்காரக் கூடாது. உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. சந்தோஷமா என்று கேட்காதீர்கள், அவ்வளவு களைப்பு. ஒரு வருஷமாக முதுகில் சுமந்ததை இறக்கி வைத்தால் முதலில் முதுகுதானே வலிக்கும்.

இரண்டு படி கீழே கொரின் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"அந்தாளு உன் வீட்டுக்காரரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும், மேடம்."

அவள் புருவத்தைத் தூக்கினாள்.

ராஸ்முசன் ஓட்டிஸை வெளியே போகச் சொன்னார். வழியில்தான் பீரோ இருக்கிறதே! பாவம், செட்டின் பின்பக்கம் ஏணியைப் பிடித்து இறங்கிப்போனான். அவன் தலை மறைந்ததும் டெஸ்மண்ட் சொன்னான். "சார், ஒரு தடவை எடுத்துப் பாக்கலாம். மேல நின்னேனே, அவர் முகத்தைப் பாத்தேன். எனக்குப் புரிஞ்சிடுச்சு."

எடுத்தார்கள். டெஸ்மண்ட் வாயைத் திறந்தான், மூடினான். புன்னகை வரவில்லை. "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்," என்றான். "மறந்து போச்சு." கீழே கொரின் ஒரு ஷூவைக் கழற்றினாள், படியில் வைத்தாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஒரே தடவை. பரணில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். ராஸ்முசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் விளக்குகளுக்குப் பின்னால் ஒற்றை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொல்லாமல் விட்டதையும் எடுத்துக்கொண்டார்கள், நான் உட்கார்ந்ததையும் எடுத்துக்கொண்டார்கள். போகட்டும். எனக்கு வரவேண்டியது ஏற்கனவே வந்துவிட்டது.

ஓட்டிஸ் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வேலை போச்சா?"

"போச்சுன்னுதான் நினைக்கிறேன்."

"வேஷம் தர்றேன்னாரே, லூசு."

"ஆமா."

"மறந்து போச்சாக்கும்."

"நீ நம்பலையா?"

"நம்பினேன்யா. கல்யாணம் ஆனதுல இருந்து நீ சொன்னதுல இதைத்தான் முழுசா நம்பினேன்."

அவன் முகம் மலர்ந்தது. "அட, இது நல்ல வரி..." என்று ஆரம்பித்தான். ஒரு பார்வை பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட ஆரம்பித்தான். நான் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. இதற்குப் பெரிய பெயரெல்லாம் வைக்காதீர்கள். கையில் லீவு இருந்தது, அவனுக்கோ வேலை இல்லை, இரண்டு பேருக்கும் உடம்பெல்லாம் அசதி. மத்தியானம் வரைக்கும் தூங்கினோம். சுவரோரமாக அவன், இந்தப் பக்கம் நான். தூக்கத்தில் காலை நீட்டினான்.

திட்டினேன்.