கீரப்பாளையத்தில் நிற்காத கார்

புதுக் கார் வாங்கியவன் மறுநாளே சொந்தபந்தம் எல்லாருக்கும் ஓட்டிக் காட்டுவான். தட்சிணாமூர்த்தி என்ன செய்தார் தெரியுமா? கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில் நிறுத்திப் போர்வை போட்டு மூடினார். போர்வை காற்றில் உரசினால் பெயிண்டில் கோடு விழும் என்று யாரோ சொல்ல, அதை உருவிவிட்டுத் தகர ஷெட் போட்டார். கடல் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றுக்குப் பயந்து, கடையில் விட்டுக் காரின் அடர் நீலப் பெயிண்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சும் அடித்து வாங்கினார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒண்டிக்கட்டை, இவருக்கு எதற்குக் கார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே.

காரணம் இருந்தது. மகள் எழிலரசியைக் கீரப்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அவளுக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். தாய் வீடு என்று வாய் நிறையச் சொல்கிறோம். தாய் சந்திரலேகா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இருப்பது தகப்பன் வீடுதான். நடுவில் வலி எடுத்தால் ஆட்டோ தேடித் தெருவில் ஓட முடியுமா? அதற்குத்தான் கார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் உள்ளது என்னவென்றால், அந்த வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. டி.வி.யை ஓடவிட்டு, அதற்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் சாப்பிடுவான்? மகள் வந்து தங்கப்போகிற அந்த நாலைந்து மாதத்தை நினைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்தார்.

கார் எடுத்த அன்று ஷோரூம் பையன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினான். “மொத ஆயிரம் கிலோமீட்டர் எண்பதத் தாண்டாதீங்க சார். ஒரே வேகத்துலயும் போவாதீங்க, ஏத்தி எறக்கி ஓட்டுங்க. அதுவரைக்கும் லோடு ஜாஸ்தி வேணாம். இப்ப எப்படிப் பழக்குறீங்களோ, கடைசி வரைக்கும் இன்ஜின் அப்படித்தான் இருக்கும்.”

மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். வளைகாப்புக்குள் ஆயிரத்தை முடித்துவிட வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறும்போது இன்ஜின் பழகி, குலுங்காமல் ஓட வேண்டும்.

அவருடைய அக்கா அமராவதி திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக் காருக்கு ஆலம் சுற்றினாள். சுற்றிவிட்டு வழக்கப்படி விரலைத் தோய்த்து முன்பக்கம் பொட்டு வைக்கப் போனாள். இவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“அக்கா, வேணாம்! சுண்ணாம்பு பெயிண்ட்ட அரிச்சுடும்!”

“நல்லா இருக்குடா நியாயம்! பொட்டு வச்சா வண்டி தேஞ்சா போயிடும்?” அமராவதி தட்டை நங்கென்று தரையில் வைத்தாள். கோபம் ஆறி, கிளம்பும்போது சொன்னாள்: “வண்டி இருக்குதுன்னு சும்மா சும்மா கீரப்பாளையம் ஓடாத. பொண்ணு குடுத்த எடத்துல அடிக்கடி போயி நின்னா நமக்கும் மதிப்பில்ல, அவளுக்கும் மதிப்பில்ல. வரிசத் தட்டோட போனாத்தான் மரியாத.”

அந்தப் பேச்சு அவர் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

தினமும் சாயங்காலம் கிளம்புவார். புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம், அங்கிருந்து கீரப்பாளையம், வெள்ளாற்றுப் பாலம் ஏறிப் புவனகிரி, அப்படியே திரும்பிக் கடலூர். பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டில் மட்டும். பையன் சொன்னபடி அறுபது, எழுபது, மறுபடி ஐம்பது. கீரப்பாளையத்தில் மெயின் ரோட்டு ஓரத்திலேயே மகளின் மாடி வீடு. அங்கே வந்ததும் வண்டி தானாக முப்பதுக்கு இறங்கும். வாசலில் கொடியில் அவளுடைய நைட்டி காயும். சில நாள் மிக்ஸி சத்தம்கூடக் கேட்கும். வெறுங்கையோடு எப்படி இறங்குவது? கால் பிரேக்கை விட்டு எழுந்துவிடும். வண்டி நகர்ந்துவிடும்.

பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாள் சிதம்பரத்தில் ஆப்பிள் வாங்கவும் செய்தார். நேற்றுத்தானே இந்தப் பக்கம் போனோம், யாராவது பார்த்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம் வந்து, அதை வீட்டுக்கே கொண்டுபோய்த் தானே தின்று தீர்த்தார். அந்த மாதிரி மனுஷன்.

எழிலரசி போன் செய்து, “எங்கப்பா இருக்கீங்க?” என்று கேட்டால், “சும்மா, வண்டி பழக்கிட்டு இருக்கேம்மா” என்பார்.  “சரிப்பா” என்று அவள் சட்டென்று வைத்துவிடுவாள்.

வளைகாப்பன்று வேன் வைத்து உறவுக்காரர்களையும் கலவை சாதங்களையும் அனுப்பிவிட்டு, இவர் காரைக் கழுவித் துடைத்துத் தனியாக ஓட்டி வந்தார். ஆயிரம் முந்தின நாளே முடிந்திருந்தது. பின் சீட்டில் தலையணை, மடித்த போர்வை, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு கவர், எல்லாம் தயார்.

முழங்கை வரைக்கும் வளையலோடு எழிலரசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்ததும் இவர் சம்மந்தியம்மா மலர்க்கொடியிடம் போய், “நல்ல நேரம் போறதுக்குள்ள பொண்ண அனுப்பி வச்சீங்கன்னா...” என்று இழுத்தார்.

மலர்க்கொடி சங்கடப்பட்டாள். “உங்ககிட்ட இன்னும் சொல்லலியா? இங்கயே இருக்கேன்னுடுச்சுங்க அது. சிதம்பரத்துலயே டாக்டர் பாத்தாச்சு. நானும் அங்கன்வாடியில லீவு எழுதிக் குடுத்துட்டேன்.”

 இவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் எழுந்து மெதுவாக வாசலுக்கு வந்து, காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“என்னாம்மா இது?”

“மொத நாள் உங்க வண்டிய மாடியிலேருந்து பாத்தேம்பா. நீங்கதான்னு தெரிஞ்சு இந்த வயித்தத் தூக்கிட்டு எறங்கி ஓடியாந்தேன். காபி போடச் சொன்னேன். நீங்க போயிட்டீங்க. மறுநாளும் மாடியில நின்னேன். அதுக்கு மறுநாளும். வண்டி ஸ்லோவாவுது, எறங்கப் போறீங்கன்னு பாத்தா போயிடுறீங்க. கேட்டா வண்டி பழக்குறேங்குறீங்க. அமராவதி அத்த வேற, பொட்டு கூட வைக்க வுடலன்னு சொன்னாங்க. எங்கப்பாவுக்கு வண்டிதான் இப்ப எல்லாம்னு நெனச்சுக்கிட்டேன். அங்க வந்து நான் யாருக்குப் பாரமா இருக்கணும்?”

“ஐயோ, பாரமா? சம்மந்தி வீட்டுல வெறுங்கையோட அடிக்கடி வந்து நின்னா உனக்கு மரியாத இல்லன்னுதாம்மா...”

“யாரு கேட்டா அந்த மரியாதய? நான் கேட்டனா?” அவள் குரல் உடைந்துவிட்டது.

தட்சிணாமூர்த்தி சொல்லிவிட்டார். பெண்டாட்டி செத்தபோதுகூட யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. “அந்த வீட்டுல ஒண்டியா இருக்க முடியலம்மா என்னால. நீ வருவேன்னுதான் இருந்தேன். உன்னக் கூட்டியாறத்தான் இந்த வண்டியே வாங்குனேன்.”

எழிலரசி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வளையல்கள் சரிந்து கீழே இறங்கின. “இத ஒரு நாளு உள்ள வந்து சொல்லியிருக்கலாமே அப்பா. இப்ப இவுங்க எனக்காக லீவெல்லாம் போட்டப்புறம், நான் எந்த வாயால வரேன்னு சொல்லுவேன்?”

 அவள் தலையைத் தொட்டார், அவ்வளவுதான் முடிந்தது. உள்ளேயிருந்து மலர்க்கொடி, வெயிலில் நிற்காதே என்று கூப்பிட்டாள். எழிலரசி போனாள். இவர் வேனில் வந்தவர்களைக்கூடப் பார்க்காமல் காரை எடுத்தார். ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திக்கொண்டு போனான்.

மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கார் நின்றதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஆசையாக ஓடி வந்து, பின் சீட்டுக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். தலையணையும் போர்வையும்தான் இருந்தன.

“எழிலரசிப் பாப்பா எங்க சார்?”

“பின்னாடி வருதும்மா” என்றார் தட்சிணாமூர்த்தி. ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. அவள் நம்பிக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.