ஹார்பர் பண்ணியவள்

தையல்காரியின் தம்பி பட்டப்பகலில் பின்வாசல் வழியாக ஓடிவந்தபோது சட்டையெல்லாம் ரத்தம்.

"அக்கா, மேஸ்திரி மண்டையில கம்பியால போட்டுட்டேன். செத்துட்டான்."

தாய் போனபின் அவள் இடுப்பில் சுமந்து வளர்த்தவன். ஏன் எதற்கென்று கேட்கவில்லை. துணிமூட்டை அறைக்குள் அவனைத் தள்ளிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

துறைமுகத்தில் வெல்டராக இருந்த புருஷன் சாப்பிட வந்தான். சோறு போடும்போது பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தாள். அவன் கை கழுவுவதற்குள் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கொலைகாரனை ஹார்பர் பண்ணியிருக்கியாடா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெல்டருக்குப் பாதிதான் புரிந்தது. "ஆமா சார், ஹார்பர்லதான் வேலை. எட்டு வருஷமா."

"நக்கலா?" லத்தி வாயில் இறங்கியது. பல் தெறித்தது. பின்வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஏட்டுதான், "கப்பல் ஒதுங்குற எடம் மட்டுமில்லய்யா. குத்தவாளிக்கு ஒதுங்க எடம் குடுக்கறதுக்கும் அதே வார்த்தைதான். சட்டத்துல ஜெயில்" என்றார்.

"எனக்கு எதுவும் தெரியாது சார்!"

விலாவில் பூட்ஸ் உதை. பிறகு வலது கையைத் தரையில் வைத்து மிதித்தார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. மெல்லிய பலகைக் கதவு. உள்ளே இருப்பவனுக்கும் கேட்டிருக்கும். கதவைத் தட்டுவான், இதோ குரல் கொடுத்துவிடுவான் என்று கதவையே பார்த்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அவளே பூட்டைத் திறந்தாள். "நான்தான் சார் ஹார்பர் பண்ணேன். அவரை விடுங்க."

தம்பி கத்தரிக்கோலோடு பாய்ந்தான். வழியில் நின்ற அக்காவின் தோளைக் கிழித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினான். முச்சந்தியில் அமுக்கி, முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு அடித்தார்கள்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு வெல்டர் அவளை அடைத்திருந்த லாக்கப் முன்னால் நின்றான். வாய் வீங்கியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சோறு போடும்போது சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா சொல்லியிருந்தா நீங்களும் மாட்டியிருப்பீங்க."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

சிரிக்கப் போய் அவளுக்கு அழுகை வந்தது. "உங்க கையை மிதிக்கும்போதாவது உள்ளேருந்து குரல் குடுப்பான்னு நினைச்சேங்க."

அவன் இடது கையைக் கம்பிக்குள் நீட்டி, அவள் தோள்கட்டில் ரத்தம் கசிகிறதா என்று தொட்டுப் பார்த்தான்.