நாலு தடவை வரும் கோரஸ்

வந்திருந்தவர்கள்:

திருமதி அன்புச்செல்வி, தாசில்தார், தலைமை.
திரு. செந்தமிழன், ஐஸ் பிளான்ட் உரிமையாளர்.
திரு. முத்துராமன், மேற்படி பிளான்ட் சூப்பர்வைசர்.
அஜித், வயது 30, பாதிக்கப்பட்டவர்.
சரண்யா, மேற்படி அஜித்தின் மனைவி.
மரியசெல்வம், வயது 32, சாட்சி, தொழில் இல்லை.
காவல்துறை சார்பில் யாரும் வரவில்லை.

இதை எழுதியது தாலுகா ஆபீஸ் கிளார்க் மணிமேகலை. பக்க எண் போட்ட பெரிய நோட்டில், பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டார். பட்டியலில் கடைசி ஆள் நான். "தொழில்?" என்று கேட்டார். "முன்னாடி பாட்டு. அப்புறம் ஐஸ் பிளான்ட்ல நைட் ஷிப்ட். இப்ப இல்லை" என்றேன். கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வரச் சொன்ன கூட்டம். மீட்டிங் ஹால் மாடியில். பதினாறு படி. அஜித் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினான். மேலே போனால் தாசில்தார் வரவில்லை. முதலாளியும் வரவில்லை. பன்னிரண்டே காலுக்கு இருவரும் ஒன்றாக வந்தார்கள். வந்த உடனே தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு மணிக்கு எனக்கு கலெக்டர் மீட்டிங் இருக்கு. சட்டுன்னு பேசி முடிச்சிருவோம்."

விஷயம் இதுதான். மார்ச் மாதம், மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால், கட்டுமாவடிப் பக்கம் ஓயாமல் படகு கரையேறிக்கொண்டிருந்த நேரத்தில், பிளான்டில் அமோனியா பீறிட்டது. அஜித் வால்வை மூட உள்ளே ஓடினான். நான் வெளியே ஓடினேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அவனுக்கு இப்போது நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. போலீஸில் புகாரை வாங்கவே இல்லை. சரண்யா ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் பஸ் ஓடவில்லை. அதனால்தான் இந்தச் சமாதானக் கூட்டம்.

நோட்டில் "எதிர்பாராத விபத்து" என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. முதலாளி இரக்கப்பட்டு ஏதாவது செய்வார், செய்யாமலும் போவார். மிஷினில் கோளாறு இருப்பதை முன்கூட்டியே சொல்லியும் ஓட்டினார்கள் என்று ஒரு வரி ஏறிவிட்டால், அதை வைத்து வழக்குப் போடலாம். சரண்யாவுக்கு ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் வந்திருந்தோம். அதற்கான ஆதாரம் என் பையில் இருந்தது.

அந்த ஆதாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் பழைய மியூசிக் பேண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலான வேலை, ஆனாலும் சொல்கிறேன்.

திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பங்க் பேண்ட் வைத்திருந்தோம், கோபத்தைக் காது கிழியக் கத்துகிற வகைப் பாட்டு. ஊரில் சொன்னால், "எந்த பங்க்ல? பெட்ரோலா டீசலா?" என்று கேட்பார்கள். பேண்டின் பெயர் முட்டுச்சந்து. நான் பாட்டு, அஜித் டிரம்ஸ், கிட்டாருக்கு ஒருத்தன். அவன் இப்போது கத்தாரில் ஏசி மெக்கானிக். வாசிக்கத் தெரிந்தவன் அஜித் ஒருவன்தான். எங்கள் பாட்டு எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது, தாண்ட எங்களுக்குத் தெரியாது. ஹால் டிக்கெட் கொடுக்காத காலேஜைத் திட்டி ஒன்று, எங்கள் ஸ்டாப்பில் நிற்காத பஸ்ஸைத் திட்டி ஒன்று. ஏழு கச்சேரி. அதில் மூன்றில் வயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

அநியாயம் அநியாயம் என்று இரண்டு வருடம் கத்தினேன். எந்த அநியாயம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் எனக்கும் சரியாகத் தெரிந்திருக்காது. இப்போது தேதியோடும் நேரத்தோடும் ஒரு அநியாயம் கையில் இருக்கிறது. அதை மெதுவாகப் பேசச் சொல்கிறார்கள், ஆபீஸாம்.

காலேஜிலிருந்து பாதியில் நின்று ஊருக்கு வந்து, இருவரும் ஐஸ் பிளான்டில் நைட் ஷிப்டுக்குச் சேர்ந்தோம். கம்ப்ரசர் சத்தத்தில் பேச முடியாது. ஆனால் அஜித் அந்தச் சத்தத்துக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான். ஒரு நாள் நிறுத்திவிட்டு என் காதில் வந்து கத்தினான்: "மாப்ள, நாலு அடிக்கு அப்பறம் அரை அடி ஒண்ணு விழுவுது. நேத்து இல்லை இது." கேட்டேன். ஆமாம். ஒழுங்கான டக்டக்குக்கு நடுவில் யாரோ உள்ளே இருந்து தட்டுவது போல ஒரு அடி.

அந்த அரை அடி எங்களுக்குப் பிடித்திருந்தது, அதுதான் கேவலம். நான் போனை எடுத்து ரெக்கார்ட் செய்ய ஆரம்பித்தேன். அப்போது சூப்பர்வைசர் முத்துராமன் வந்தார். "அண்ணே, சத்தம் மாறிருச்சு, நிறுத்திப் பாக்கணும்" என்று அஜித் சொன்னான். அவர் என் பக்கத்தில் நின்று கத்தினார்: "கத்துனா கத்தட்டும்டா. நீ ஓட்டு."

எட்டு வருடமாக நான் எழுத முயன்று வராத வரி. வீட்டுக்குப் போய்த் தூங்காமல் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். அந்த வரியை வெட்டி எடுத்து நாலு தடவை அடுக்கி கோரஸ் ஆக்கினேன். மேலே என் தொண்டையைப் போட்டேன். போனில் இடம் இல்லை என்று ஒரிஜினல் ரெக்கார்டிங்கை அழித்துவிட்டேன். பாட்டு முடிந்தபின் மூலத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள்? மூன்றாம் நாள் கேஸ் பீறிட்டது.

ஆகவே என்னிடம் இருந்த ஆதாரம் ஒன்றே முக்கால் நிமிடப் பாட்டு.

தாசில்தார் முதலில் முதலாளியைப் பேசச் சொன்னார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "அஜித் எனக்குத் தம்பி மாதிரி மேடம்" என்றார்.

"தம்பியைப் பாக்க ஒருநாளும் ஆஸ்பத்திரிக்கு வரலையே" என்றாள் சரண்யா.

"ஊர்ல இல்லைம்மா நான்."

"தொண்ணூறு நாளாவா?"

"கோவப்படாதீங்கம்மா" என்றார் தாசில்தார். "முன்னாடியே எச்சரிச்சதா மனுவுல சொல்லியிருக்கீங்க. எழுத்துல குடுத்தீங்களா?"

"நைட் ஷிப்ட்ல யாரு மேடம் எழுத்துல குடுப்பா? வாயால சொன்னாரு. இந்த அண்ணன் போன்ல பிடிச்சு வச்சிருக்காரு."

நான் பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்து மேஜையில் வைத்தேன். "மேடம், இதுல ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"போடுங்க, நேரமில்லை."

போட்டேன்.

தாசில்தார் ஆபீஸில் அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு தடவை ஓலமிட்டவுடனே ஜன்னலில் இருந்த புறா பறந்தது. மணிமேகலை பேனாவை வைத்துவிட்டுக் காதைப் பொத்தினார். கோரஸ் வந்தது. கத்துனா கத்தட்டும்டா நீ ஓட்டு. கத்துனா கத்தட்டும்டா நீ ஓட்டு. மூன்றாவது தடவையில் கதவைத் திறந்து ஆபீஸ் உதவியாளர் வீரய்யா எட்டிப் பார்த்தார். "கீழ பட்டா வாங்க வந்தவங்க பயப்படுறாங்கம்மா" என்றார்.

"நிறுத்துங்க!" தாசில்தார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி இது? பாட்டா?"

"ஆமா மேடம். ஆனா அந்தக் குரல் நிஜம்."

"பேய் பிடிச்ச மாதிரி கத்துறது யாரு?"

"அது நான்."

முதலாளி சிரித்தார். ரொம்ப நாள் கழித்து மனம் விட்டுச் சிரிப்பவர் போலச் சிரித்தார். "மேடம், இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல செத்தவன் குரல்லகூடப் பாட்டுப் போடுறானுங்க. இதைப் போய் ஆதாரம்ங்கிறாங்க."

சரண்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டு என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ரெக்கார்டிங் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"அண்ணே, வெறும் பேச்சு மட்டும் இல்லையா?"

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"இடம் இல்லை."

அவள் ஸ்பீக்கரை என் பக்கம் தள்ளி வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அஜித் மட்டும் மெல்லிய குரலில், "பாட்டு நல்லாத்தான்டா இருக்கு" என்றான். சொல்லிவிட்டு இருமினான். இருமல் அடங்கும்வரை எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

தாசில்தார் மணிமேகலையிடம் சொல்ல ஆரம்பித்தார். "எழுதிக்கங்க. எதிர்பாராத விதமாக நிகழ்ந்த விபத்து என்பதை இரு தரப்பும்..."

அப்போதுதான் முத்துராமன் எழுந்தார். அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். முகம் சிவந்து போயிருந்தது.

"மேடம், இவனைச் சும்மா விடாதீங்க. என் குரலை எடுத்து இவன் இஷ்டத்துக்கு என்னென்னமோ பண்ணியிருக்கான். ஊரெல்லாம் போட்டுக் காட்டியிருப்பான்."

"யாருக்கும் போட்டுக் காட்டலை" என்றேன். உண்மைதான். கேட்கவும் ஆள் இல்லை.

"நான் பைத்தியக்காரனாடா? திருப்பித் திருப்பி அதையே சொல்றதுக்கு? நாலு தடவை சொன்ன மாதிரி போட்டிருக்கே!"

"கோரஸ்னா நாலு தடவை வரணும். அதுதான் கணக்கு."

"என்னடா கணக்கு? நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்!"

நான் பதிலுக்கு, இரண்டு தடவையில் நிறுத்தினால் கோரஸ் நிற்காது என்று விளக்க வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாக. என் மூளை அவ்வளவுதான். சரண்யாதான் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"அண்ணே," என்றாள் முத்துராமனிடம், மிக மரியாதையாக. "ஒரு தடவை சொன்னீங்க."

"ஆமா, ஒரு தடவை! அதைப் போயி..."

அங்கேயே நின்றுவிட்டார். முதலாளியைப் பார்த்தார். முதலாளி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அறையில் மணிமேகலையின் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள் சரண்யா.

"சொன்னதை எழுதியிருக்கேன்" என்றார் மணிமேகலை. நோட்டைப் பார்த்தே படித்தார். "நிறுத்திப் பார்க்கும்படி அஜித் கூறியபோது ஓட்டச் சொல்லி ஒரு தடவை மட்டுமே கூறியதாக சூப்பர்வைசர் முத்துராமன் தெரிவித்தார்."

"அது கோவத்துல வந்தது. அதை அடிச்சிருங்க" என்றார் தாசில்தார்.

"அடிக்கலாம் மேடம். அடிச்ச எடத்துல நீங்க இனிஷியல் போடணும். பக்க நம்பர் போட்ட நோட்டு, ஆடிட்ல கேப்பாங்க." அவர் நோட்டைத் திருப்பித் தாசில்தார் முன்னால் தள்ளினார். பேனாவை மூடாமல் மேலே வைத்தார். கிளார்க்குகள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

தாசில்தார் பேனாவைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஏழு மேடையில் ஏறியிருக்கிறேன், இவ்வளவு நேரம் ஒரு கூட்டத்தை யாரும் நிறுத்தி வைத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உடன்பாடு எட்டப்படவில்லைன்னு முடிச்சிருங்க. அவங்க கோர்ட்டுலயே பாத்துக்கட்டும்."

"நகல் வேணும் மேடம்" என்றாள் சரண்யா.

"மனு போட்டு வாங்கிக்கங்க."

சரண்யா மனுவை வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மடித்த தாளை எடுத்து நீட்டினாள். தாசில்தார் வாங்கிக் கையெழுத்துப் போட்டு எழுந்தார். நல்ல மனுஷிதான் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை. யாரும் வெற்றி பெற்ற மாதிரி இல்லை. நோட்டில் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். அதுவும் என் பாட்டால் வரவில்லை. பாட்டு பிடிக்காத ஒருத்தரால் வந்தது.

தாசில்தார் ஜீப் போனது. அதன் பின்னாலேயே முதலாளியும் எழுந்து போனார். முத்துராமனைப் பார்க்கவே இல்லை. போகிற போக்கில், "யாரு உங்களை வாயைத் தொறக்கச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்கதானே சார் அன்னிக்கு போன்ல, ஐஸ் லோடு நிக்கக் கூடாதுன்னு..."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றபடி படியிறங்கிவிட்டார்.

நாங்களும் வெளியே வராந்தாவுக்கு வந்தோம். அஜித் இறங்குவதற்கு முன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தான். முத்துராமன் மட்டும் உள்ளே காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

வீரய்யா சாவிக் கொத்தை ஆட்டினார். "எந்திரிங்க சார், பூட்டணும்."

முத்துராமன் வாசல் வரை வந்தார். வராந்தாவுக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தார். முதலாளியின் கார் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

"மேடம் திரும்ப எப்ப வருவாங்க? இன்னொண்ணு எழுதணும், அந்த போன் விஷயம்" என்றார்.

"எதா இருந்தாலும் மனுவா எழுதி திங்கக்கிழமை கொண்டாங்க சார்."

அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. சரண்யாதான் பையைத் துழாவினாள்.

"அண்ணே, எங்கிட்ட வெள்ளைத்தாள் இருக்கு. இங்கிட்டு வாங்க. இப்பயே எழுதிரலாம்."

அவர் அவளைப் பார்த்தார். அஜித்தின் வெள்ளை படர்ந்த கண்ணைப் பார்த்தார், சட்டென்று பார்வையை எடுத்தார். பிறகு விரலால் என்னைக் காட்டினார்.

"இவன் இதையும் பாட்டாப் போட மாட்டான்ல?"

அஜித்துக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. "போட மாட்டேன்" என்றேன். "எழுதறதை எழுதுங்க."

முத்துராமன் வாசல்படியைத் தாண்டி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் வீரய்யா கதவைச் சாத்தி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை உருவிக்கொண்டார்.