கரடிக்கு ஓர் எடை அட்டை

தாரிகாவின் எடை அட்டையில் கையெழுத்துப் போடக் கரடி பேனா மூடியைக் கழற்றியபோது, "கொஞ்சம் பொறுங்க, இந்தத் தடவயும் நான் கோட்டுக்கு வரேன்" என்றாள் அம்மா செண்பகவல்லி.

பள்ளி விதி எளிமையானது. பிள்ளை யார் சொல்லைக் கேட்டுச் சாப்பிடுகிறதோ, அவர்தான் அட்டையில் கையெழுத்திட வேண்டும். அதனால் நான்காம் வகுப்பில் அம்மாக்கள் சுவரோரம் நின்றார்கள். பெஞ்சுகளில் பிஸ்கட் சிங்கமும் குளிர்பானப் பென்குவினும் உட்கார்ந்திருந்தன. தாரிகாவுக்கு மொறுமொறு சிப்ஸ் கரடி. முதல் இரண்டு பருவமும் அதுவே கையெழுத்திட்டிருந்தது. மூன்றாவதும் போட்டுவிட்டால் பெரிய விடுமுறைக்குத் தாரிகா அதன் வீட்டுக்குப் போக வேண்டும். அதாவது பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள விளம்பரப் பலகைக்கு. போன வருஷம் போன இரட்டையர் இன்னும் அங்கே கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நாப்பத்தெட்டு கிலோ" என்று படித்தார் புஷ்பராணி டீச்சர். "மாடி ஏறுறதுக்குள்ள மூணு எடத்துல உக்காருறா. சரி, ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம்."

சாக்பீஸால் தரையில் கோடு கிழித்தார். பிள்ளை எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கத்தவருக்கே கையெழுத்து. தாரிகா கோட்டின் மேல் நின்றாள். ஒரு பக்கம் கரடி, மறுபக்கம் அம்மா.

"அம்மா, போன தடவ மாதிரி கீரைன்னு ஆரம்பிக்காத. எல்லாரும் சிரிக்கிறாங்க."

கரடி முதலில் பாடியது: "ஒண்ணு எடுத்தா ஒம்போது கேக்கும்!"

தாரிகாவின் இடது கால் அந்தப் பக்கம் நகர்ந்தது.

செண்பகவல்லியும் ஒரு வாரமாக எதுகை மோனையோடு ஒரு வாக்கியம் தயாரித்திருந்தாள், முருங்கைக்கீரை பற்றித்தான். ஆனால் கரடியின் மஞ்சள் கால்சட்டை நழுவிக்கொண்டே இருந்ததை இப்போதுதான் கவனித்தாள். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தது. விளம்பரப் பலகையில்தான் அதற்குத் தொப்பை. மறுகையில் இருந்த பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை. அதை வாயருகே கொண்டுபோவதோடு அதன் வேலை முடிந்தது.

அவள் மகளைப் பார்க்கவில்லை. கரடியைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாப்பா?" என்றாள்.

கரடி யோசித்தது.

"இல்லீங்க. ஆறு வருஷமாச்சு."

சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து அவள் காலடியில் சம்மணம் போட்டது. அவள் டிபன் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதம், பச்சைப்பயறு சுண்டல். கரடி செய்வதையெல்லாம் செய்து பழகிய தாரிகாவும் பின்னாலேயே வந்து சம்மணம் போட்டாள்.

"ஏய், எனக்கும் மிச்சம் வை!"

"நீதான் அந்தப் பக்கம் போகப் பாத்தவளாச்சே" என்றபடி செண்பகவல்லி அவளுக்கும் ஒரு கரண்டி வைத்தாள்.

டீச்சர் தாரிகாவின் அட்டையைச் செண்பகவல்லியிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார். பிறகு மேசையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்து, கரடியை எடை எந்திரத்தில் ஏறச் சொன்னார்.

"ஒம்போது கிலோ. இதுக்கு இனிஷியல் என்ன?"

"தாரிகாவுக்கு உள்ளதுதான் டீச்சர்."

சுவரோரம் நின்ற மற்ற அம்மாக்கள் டிபன் டப்பாக்களைத் திறக்கத் தொடங்கினார்கள். பென்குவின் பெஞ்சைவிட்டு எழுந்தது.

மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, எதிர்ப் பலகையில் கரடியின் இடத்தில் சிப்ஸ் கம்பெனி மேலாளர் டை கட்டியபடி நின்றிருந்தார். ஒரு கையில் பாக்கெட். வயிற்றை முன்னால் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி தன் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, கரடியின் கால்சட்டையை இடுப்பில் இழுத்துக் குத்திவிட்டாள்.